பூட்டிய எண், திறந்த எண்

திருநெல்வேலி டவுணிலோ தாமிரபரணிக் கரையிலோ கார் பந்தயத்துக்கென்று தடம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டின் பந்தய வரலாறு வடக்கேயும் மேற்கேயும்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. பிறகு கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஆனாலும் பந்தயக் காரின் எஞ்சினுக்குள் நடக்கும் வேலைகளில் முக்கால்வாசி நெல்லைக்காரருக்குப் புதிதல்ல. பேருந்தும் லாரியும் ஓடுகிற எந்த ஊரிலும் ரீபோர் உண்டு, ஹெட் ஃபேசிங் உண்டு, வால்வு லேப்பிங் உண்டு, கிராங்க் கிரைண்டிங் உண்டு. லேத் பட்டறைக்காரர் தேய்ந்த எஞ்சினைக் கம்பெனி அளவுக்குத் திரும்பக் கொண்டுவருகிறார். பந்தய மெக்கானிக்கோ விதி அனுமதிக்கும் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில் எந்த இடத்தில் நிறுத்தினால் எஞ்சினுக்கு நல்லது என்று கணக்குப் போடுகிறார். விதி என்பது எஞ்சினைப் பற்றிய ஏதோ ஓர் எண்ணைப் பூட்டுகிறது. எந்த எண் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் மிச்சமுள்ள எண்கள் என்னென்ன, அவை ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று தேட முடியும். ஆகவே விதிக்குட்பட்ட மாற்றம்தான் எஞ்சினின் இயற்பியலைக் கற்றுத்தரும் மிகச் சிறந்த வழி. இதை நிறுவுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

எடுத்துக்காட்டுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். அதன் எஞ்சின் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-னுடையது. ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்புதான் இறக்குமதிக் கார் வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறைக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டது. 1995-ல் சிறுவிமான விபத்தில் இறந்த அவருடைய பெயரைத்தான் செட்டிபாளையத் தடம் தாங்கி நிற்கிறது. அந்த மாருதி எஞ்சினின் மூன்று சிலிண்டர்களும் 68.5 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 796 சிசி. நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடும்போது, நாலு ஸ்ட்ரோக்கில் ஒருமுறைதான் காற்றிழுக்கும் என்பதால், நொடிக்கு 36 லிட்டர் சொச்சம் காற்றுக்கு இடம் இருக்கிறது. வால்வும் குழாயும் தடுப்பதால் முக்கால் பங்குதான் உள்ளே போகிறது என்று கொண்டால், அது 32 கிராம் காற்று. 13 கிராம் காற்றுக்கு 1 கிராம் என்ற விகிதத்தில் ஏறத்தாழ இரண்டரை கிராம் பெட்ரோல். அது எரிந்தால் 105 கிலோவாட் வெப்பம். அதில் 27 சதவீதம் சக்கரத்தை நோக்கிப் போனால் 28 கிலோவாட், அதாவது 39 குதிரைத்திறன் அளவு. தொழிற்சாலை சொன்ன எண்ணும் அதை ஒட்டியதுதான். இந்தச் சங்கிலியில் கண்ணிகள் ஆறே ஆறு: கொள்ளளவு, சுற்று வேகம், நிரம்பும் விகிதம், காற்றின் அடர்த்தி, காற்றோடு சேரும் எரிபொருள், வெப்பம் வேலையாகும் விகிதம். எஞ்சினின் சக்தியைக் கட்டுப்படுத்தும் எந்தப் பந்தய விதியை எடுத்தாலும் இந்த ஆறில் ஒன்றையோ பலவற்றையோ பிடித்து நிறுத்துவதாகத்தான் இருக்கும்.

பூட்டு எவ்வளவு இறுக்கமானது என்று பார்க்க ரீபோரையே எடுத்துக்கொள்ளலாம். தேய்ந்த சிலிண்டரை முதல் ஓவர்சைஸுக்குக் குடைந்தால் விட்டம் கால் மி.மீ. கூடும். 68.75 மி.மீ. விட்டத்தில் 796 சிசி, 802 சிசி ஆகிவிடும். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு வகுப்பின் உச்சவரம்பு 800 சிசி என்று வைத்துக்கொண்டால், அதே கால் மி.மீ. அந்த எஞ்சினைப் போட்டியிலிருந்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் பல விதிநூல்கள் ‘தொழிற்சாலை அனுமதித்த ஓவர்சைஸ் வரை’ என்று தனியாக ஒரு வரி எழுதுகின்றன. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, புது எஞ்சினையே வேண்டுமென்று குடைந்து 6 சிசி சம்பாதிப்பவரும் உண்டு. லாபம் முக்கால் சதவீதம். சிலிண்டர் சுவர் மெலிவதும் அடுத்த ரீபோருக்கு இடம் குறைவதும் அதற்கான விலை.

சிலிண்டர் ஹெட்டில் நடப்பது இதைவிடச் சுவாரசியமானது. ஹெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து மட்டமாக வைக்கிறார்கள். பிளக்கை முறுக்கி, வால்வு இரண்டையும் சீட்டில் லேசாகக் கிரீஸ் தடவி மூடுகிறார்கள். சிறு துளை போட்ட தடித்த அக்ரிலிக் தகட்டை எரிஅறையின் மேல் கிரீஸால் ஒட்டி, வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிற அதே பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கடைசிக் காற்றுக்குமிழ் துளை வழியே வெளியேறும் கணத்தில் பியூரெட்டை மூடி அளவைப் படித்தால் அதுதான் அறையின் கொள்ளளவு. மூன்று அறைக்கும் இப்படிச் செய்து பார்த்தால் மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வார்ப்பில் வந்த பாகங்களுக்கு அது இயல்பு. மாருதியின் ஒரு சிலிண்டர் 265 சிசி. அழுத்த விகிதம் 9 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சமிருக்கும் மொத்த இடம் 33 சிசி சொச்சம். அதில் ஒரே ஒரு சிசி குறைந்தால் விகிதம் 9.25 ஆகிவிடும். சிலிண்டரின் முழுப் பரப்பில் அந்த ஒரு சிசி என்பது 0.27 மி.மீ. உயரம், தடித்த அட்டைத்தாள் ஒன்றின் கனம். கேஸ்கட் கொஞ்சம் கூடுதலாக நசுங்கினாலே அதில் ஒரு பகுதி வந்துவிடும்.

இந்த ஒரு சிசியால் வரும் நேரடி லாபம் மிகச் சிறியது. அழுத்த விகிதம் 9-லிருந்து 10-க்குப் போனாலே பாடநூல் ஓட்டோ சுழற்சிக் கணக்கின்படி திறன் 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் உயரும். 9.25-க்கு முக்கால் சதவீதம். ஆனால் மூன்று சிலிண்டரில் ஒன்று மட்டும் 9.25, மற்ற இரண்டும் 9 என்று இருந்தால் கதையே வேறு. அந்த ஒரு சிலிண்டரில்தான் முதலில் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வரும். டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே டைமிங்கைத்தான் கொடுக்கும். ஆகவே அதைக் காப்பாற்ற மெக்கானிக் டைமிங்கைப் பின்னுக்கு வைப்பார், நன்றாக இருக்கிற இரண்டு சிலிண்டரும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு ஓடும். விதி குறைந்தபட்சக் கொள்ளளவைச் சொல்லியிருந்தால், மூன்றையும் அந்த எல்லைக்கே கொண்டுவந்து சமமாக்குவதுதான் உண்மையான ஆதாயம். ஆங்கிலப் பட்டறைகள் ப்ளூபிரிண்டிங் என்று அழைக்கும் வேலை முழுவதும் இதுதான்: வரைபடத்தில் இருக்கிற எஞ்சினை, வார்ப்பிலும் கடைசலிலும் நேர்ந்த வேறுபாடுகளை நீக்கி, உலோகத்தில் வரவழைப்பது. எடையிலும் இதே கதைதான். 72 மி.மீ. ஓட்டத்தில் 6,000 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1,900 மடங்கு முடுக்கத்தைத் தாங்குகிறது. 20 கிராம் அதிகமுள்ள பிஸ்டன் அந்தக் கணத்தில் கனெக்டிங் ராடை 38 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கூடுதலாக இழுக்கும். சுற்று வேகம் கால்பங்கு கூடினால் அந்த விசை ஒன்றரை மடங்கைத் தாண்டும். பாகத்தை மாற்றக்கூடாது, ஆனால் எடையைச் சமப்படுத்தலாம் என்று விதி சொல்லும்போது, அந்தச் சின்ன அனுமதிக்குள் இவ்வளவு இருக்கிறது.

இனி காற்றையே பூட்டும் விதி. மாணவர்கள் தாங்களே கார் கட்டிக் கொண்டுவந்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவருகிறது. பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது இத்தகைய மாணவர் போட்டிகளின் பொதுவான விதி. அந்தத் துளை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தாமிரபரணியைப் பார்த்தால் போதும். சுத்தமல்லி அணைக்கட்டில் நீர் நிரம்பி மேலே வழியும்போது, எவ்வளவு வழிகிறது என்பதை மேற்பக்க நீர்மட்டம்தான் முடிவு செய்கிறது. கீழே ஆறு இன்னும் ஓர் அடி இறங்கினாலும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வராது. அணைக்கட்டின் தலைப்பில் நீர் ஓடும் வேகமும் நீரின்மேல் அலை பரவும் வேகமும் சமமாகிவிடுவதால், கீழே நடந்தது மேலே தெரிய வழியில்லை. துளைக்குள் காற்றுக்கும் இதுவே நேர்கிறது. அலை வேகத்தின் இடத்தில் ஒலியின் வேகம். துளையின் கழுத்தில் காற்று ஒலி வேகத்தை எட்டிவிட்டால், எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் அளவு கூடாது. கடல் மட்டத்தில், 27 டிகிரி வெப்பத்தில், 20 மி.மீ. துளையின் உச்சவரம்பு நொடிக்கு 74 கிராம். மேலே போட்ட கணக்கையே மறுபடி போட்டால் அது 90 முதல் 100 குதிரைத்திறன். 600 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்தாலும், அதைவிடப் பெரியதை வைத்தாலும் கூரை இதுதான்.

எண் பூட்டப்பட்டுவிட்டது. திறந்திருப்பது எது? துளையைத் தாண்டிய பிறகு காற்றின் வேகத்தை மீண்டும் அழுத்தமாக மாற்றும் கூம்பு. துளைக்குப் பின் குழாய் சட்டென்று விரிந்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழன்று வீணாகும். அப்போது கழுத்தில் ஒலி வேகம் வர, எஞ்சின் பக்க அழுத்தம் வெளி அழுத்தத்தின் பாதியளவுக்குக் கீழிறங்க வேண்டியிருக்கும். சில டிகிரியே விரியும் நீண்ட வழுவழுப்பான கூம்பை வைத்தால், மிகச் சிறிய அழுத்த இழப்பிலேயே அதே 74 கிராமை இழுத்துவிடலாம். விதியை எழுதியவர் ஒரு விட்டத்தை எழுதினார். அதைப் படித்த மாணவர் காற்றியக்கவியலின் ஒரு முழு அத்தியாயத்தைக் கற்க வேண்டியதாயிற்று. துளைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கிராமைப் பூட்டவில்லை, விட்டத்தைத்தான் பூட்டுகிறது. இருங்காட்டுக்கோட்டை கடல் மட்டத்தை ஒட்டியது. செட்டிபாளையமோ சுமார் 400 மீட்டர் உயரம். காற்றழுத்தம் அங்கே 4 முதல் 5 சதவீதம் குறைவு. கோவையின் குளிர்ச்சி ஒரு சதவீதத்தைத் திருப்பித் தந்தாலும், அதே எஞ்சின் அங்கே இளைத்துத்தான் ஓடும். நெல்லையில் சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கும் நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் எடை, 30 டிகிரி நாளைவிட 3 சதவீதம் குறைவு. ஹெட்டில் அரும்பாடுபட்டுச் சேர்த்த முக்கால் சதவீதத்தை எஞ்சின் அறையின் சூட்டுக் காற்று நாலு மடங்காக வாரிக்கொண்டு போய்விடும். குளிர்ந்த காற்று வரும் இடத்தில் வாய்க்குழாயைத் திருப்பி வைப்பது, விதி தடுக்காத வரை, மிக மலிவான மாற்றம். தொடக்க நிலை அணிகள் அதைக் கடைசியில்தான் யோசிக்கின்றன என்பது வருத்தமான விஷயம்.

விதி இல்லாவிட்டால் அறிவியல் இன்னும் வேகமாக வளராதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஃபார்முலா 1-ல் 2014-ல் எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பூட்டினார்கள். அதற்கு முன், கொள்ளளவு பூட்டப்பட்டிருந்ததால் எல்லாரும் பல ஆண்டுகள் சுற்று வேகத்தைத் துரத்தினார்கள், திறன் 30 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மணிக்கு 100 கிலோ என்பது ஏறத்தாழ 1,200 கிலோவாட் வெப்பம். அதற்குமேல் வழியே இல்லை என்று ஆனவுடன் மிஞ்சிய ஒரே எண் திறன்தான். 2017-ல் மெர்சிடிஸ் நிறுவனம் சோதனை மேடையில் 50 சதவீதத்தைத் தாண்டியதாக அறிவித்தது. சுதந்திரம் தராத ஒன்றைப் பூட்டின் இடமாற்றம் தந்தது. நம் மாவட்டத்திலேயே, பணகுடி அருகே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. அங்கே போட்டி விதிநூல் இல்லைதான். எடையும் உலோகம் தாங்கும் வெப்பமும் அதைவிடக் கடுமையான விதிகள். பல ஆண்டுகள் பறந்து பழகிய விகாஸ் எஞ்சினின் தள்ளுவிசையை 6 சதவீதம் கூட்டி 2018 மார்ச்சில் ஜி.எஸ்.எல்.வி. எஃப்08-ல் அனுப்பினார்கள். இருக்கிற எஞ்சினை அதன் எல்லைக்குள்ளேயே மேம்படுத்துவது இரண்டாந்தரப் பொறியியல் என்று நினைப்பவர்களுக்கு அந்த 6 சதவீதமே பதில்.

பூட்டு தப்பான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பது இதைவிடக் கனமான எதிர்வாதம். 1994 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் அது நடந்தது. சாதாரணத் தொழிற்சாலை எஞ்சினோடு வரும் சிறு அணிகளுக்கு உதவ, புஷ்ராடு வகை எஞ்சினுக்கு 3.4 லிட்டர் கொள்ளளவும் 55 அங்குலப் பாதரச அளவு டர்போ அழுத்தமும் அனுமதித்திருந்தார்கள். மற்றவர்களுக்கு 2.65 லிட்டர், 45 அங்குலம். அது தொழிற்சாலை எஞ்சினாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பென்ஸ்கே அணியும் இல்மோர் நிறுவனமும் ரகசியமாக ஒரு புஷ்ராடு எஞ்சினைப் புதிதாகவே செய்து, மெர்சிடிஸ் பெயரில் கொண்டுவந்து, அல் அன்சர் ஜூனியர் ஓட்ட வென்றன. விதி மீறப்படவில்லை. ஆனால் ஏழைக்குத் திறந்த கதவு வழியே பணக்காரர் போனார். அடுத்து அழுத்த வரம்பு குறைக்கப்பட்டது, அந்த எஞ்சின் மறுபடி அங்கே ஓடவில்லை. அடுத்த ஆண்டே உலக ராலியில் நடந்ததை இதோடு சேர்க்கக்கூடாது. 1995-ல் கேட்டலோனியா ராலியில் டொயோட்டா அணியின் டர்போவில் காற்றைக் கட்டுப்படுத்தும் வாய்வளையம், பொருத்தி இறுக்கியதும் உள்ளே நகர்ந்து சுற்றிலும் காற்றுக்கு வழிவிட்டது. சோதனைக்காகக் கழற்றினால் பழையபடி மூடிக்கொண்டது. ஓராண்டுத் தடை விழுந்தது. இல்மோர் செய்தது எழுதியதைப் படித்துச் செய்த வேலை. டொயோட்டா அணி செய்தது அளக்கிறவரின் கண்ணை மறைத்த வேலை. கோடு மெல்லியது என்கிறார்கள். எனக்கு அது தெளிவாகவே தெரிகிறது: செய்த மாற்றத்தைச் சோதகர் முன் மேசைமேல் வைக்க முடியுமா என்பதே உரைகல்.

செலவைக் கட்டுப்படுத்த இந்தியாவின் ஒரே-வகைக் கார் பந்தயங்களில் எஞ்சினைக் கம்பியிட்டு முத்திரை வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஓட்டுநரின் திறமையை மட்டும் பார்க்க அது சரியான ஏற்பாடு, குடும்பப் பணத்தைக் கரைக்காமல் ஓர் இளைஞர் பந்தயத்துக்கு வரவும் அது உதவுகிறது. ஆனால் எல்லா எண்ணையும் பூட்டிவிட்டால் மெக்கானிக்குக்குக் கற்க ஒன்றும் மிஞ்சாது. கோவையில் ஃபார்முலா மாருதி காலத்தில் ஒரு பட்டறைத் தலைமுறையே உருவானதற்குக் காரணம், எஞ்சின் மலிவாக இருந்ததோடு அதைத் திறந்து பார்க்கவும் முடிந்ததுதான். எரிஅறையின் கொள்ளளவு ஒன்று, வாய்க்குழாயின் நீளம் ஒன்று என இரண்டு எண்களையாவது திறந்து வைக்கும் தொடக்க வகுப்பு தமிழ்நாட்டுக்குத் தேவை. பியூரெட்டும் மைக்ரோமீட்டரும் வாங்க அதிகச் செலவாகாது. நெல்லையிலிருந்தும் ஓர் அணி வரலாம். இதையெல்லாம் பந்தயத் தடத்துக்காகத்தான் சொல்கிறேன். பொதுச் சாலையில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளரின் அளவிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

அடுத்து வரப்போகும் பூட்டு எரிபொருள். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோலில் 43 மெகாஜூல் இருந்தால் எத்தனாலில் 27-தான். எனவே மைலேஜ் குறையும் என்ற புகார் நியாயமானது. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். காற்றைக் கொண்டு வகுத்தால் இரண்டும் ஒரு கிலோ காற்றுக்கு 3 மெகாஜூலை ஒட்டியே நிற்கின்றன, எத்தனால் ஒரு மயிரிழை மேலே. அதோடு ஆவியாகும்போது அது காற்றை அதிகம் குளிர்விக்கும், நாக்கிங்கை அதிகம் தாங்கும், ஆகவே அழுத்த விகிதத்தைத் தைரியமாக ஏற்றலாம். எரிபொருள் ஓட்டத்தைப் பூட்டிய பந்தயத்தில் எத்தனால் பாரம். காற்றைப் பூட்டிய பந்தயத்தில் அதுவே வரம். ஃபார்முலா எஸ்.ஏ.இ. மாணவர் போட்டிகளின் விதியை எழுதியவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். பெட்ரோலுக்கு 20 மி.மீ. துளை கொடுத்தவர்கள், 85 சதவீத எத்தனால் கலவைக்கு 19 மி.மீ.தான் கொடுத்தார்கள். அந்த ஒரு மி.மீ. வழியின் பரப்பில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். 20 சதவீதக் கலவைக்கு எத்தனை மி.மீ. என்று கேட்டால், வெறும் காகிதக் கணக்கில் விடை கிடைக்காது. ஒரே எஞ்சினை இரு எரிபொருளிலும் சோதனை மேடையில் ஓட்டி, டைமிங்கையும் அழுத்த விகிதத்தையும் படிப்படியாக ஏற்றிப் பார்த்து அளக்க வேண்டிய கணக்கு அது.